வசுமதிக்கு நான் எழுதிய முடிவு

“...அத விடு. அன்னிக்கு நீ படிச்சியே, அந்த முடிவு இதுல எங்க கீது ஜெயா? நானும் கடைசிப் பக்கத்த ரெண்டு தபா பாத்துட்டேன்” என்றாள் பிலோமினா.

அவள் மடியில் புதிதாக பைண்டு செய்த புத்தகம் விரிந்திருந்தது. பசை வாசனை இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மணி அடித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மற்ற பெண்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டிபன் பாக்ஸைத் திறக்கிற சாக்கில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அவள் யார், அது என்ன புத்தகம், நான் செய்த காரியம் என்ன என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். அந்த நாளில் சுற்றுவதுதான் எனக்கு வேலையே.

கம்பி சுற்றும் கம்பெனி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் கும்பிடு போட்ட கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். டியூப் லைட்டுக்கு சோக் என்று ஒன்று போடுவார்களே, அதற்குள்ளே தாமிரக் கம்பி சுற்றுகிற வேலை. வலது கை கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இடது கை விரல் கம்பியைத் தடவித் தடவி விட வேண்டும். எத்தனை சுற்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் காலையிலிருந்து ஒன்பது பெண்கள் ஊமையாக உட்கார்ந்திருப்போம். வார்னிஷ் நாற்றம் தலைமுடிக்குள் ஏறிவிடும். ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டு வீட்டுக்குப் போய் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

மணி அடித்தால் போதும், அடக்கி வைத்த பேச்செல்லாம் அணை உடைத்துக்கொண்டு வரும். எங்களில் மூத்தவர் கஸ்தூரி அக்கா. “இந்த அரை மணி நேரம் பேசத்தான்டி நான் ஊட்லேர்ந்து கெளம்பி வர்றதே. கம்பி சுத்துறதெல்லாம் சும்மா தொட்டுக்க” என்பார். இந்த மாதிரி வார்த்தை காதில் விழுந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியதும் ஒரு துண்டுத் தாளில் எழுதி சீசன் டிக்கெட் கவருக்குள் செருகிக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்த படிப்பு அதுதான்.

வியாழக்கிழமை வரும் கதை

அந்த அரை மணி நேரத்தில் எனக்கென்று ஒரு பதவி இருந்தது. தொடர்கதையை உரக்கப் படிப்பவள் நான்தான்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் சேகர் வியாழக்கிழமைதோறும் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். கதைக்காக இல்லை, குறுக்கெழுத்துப் போட்டிக்காக. அந்தக் கட்டத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதியை என்னிடம் தருவார். “ஜெயா, உன் கத வந்துட்சி பாரு” என்பார். ‘உன் கத’ என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக வெள்ளியிலிருந்து புதன் வரை காத்திருப்பேன். எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். அதுவும் என் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றிப் பதமாகப் பிரித்து, கம்பிச்சுருள் வந்த அட்டைப்பெட்டியில் சேர்த்து வைப்போம். கதை முற்றும் ஆனதும் ஆவடி மார்க்கெட்டில் இருந்த பைண்டரிடம் கொடுத்தால் தைத்து, அட்டை போட்டு, முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு வெள்ளைத் தாள் ஒட்டிக் கொடுப்பார். புத்தகம் எல்லாருக்கும் பொது. வைத்திருப்பது நான். கரண்ட் இல்லாத மத்தியானங்களில் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து மறுபடியும் படிப்பேன்.

நாயகி ஆவதற்கு என்ன வேண்டும்?

இப்படிப் படித்துப் படித்து, சின்ன வயசுக்காரர்களுக்காக எழுதுகிற கதைகளின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அப்பா முதலில் போய்விட வேண்டும். மூன்றாவது வாரத்துக்குள் போய்விட்டால் உத்தமம். அம்மா படுக்கையில் கிடக்க வேண்டும். பின்னால் இரண்டு தம்பிகளோ தங்கைகளோ வேண்டும். நாயகியிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல புடவை. அதன் கிழிசலைத் தைத்துக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போவாள். அந்தத் தையலை ஒருவன் பார்ப்பான். காதல் அங்கே ஆரம்பிக்கும். அவள் அழமாட்டாள். கண் ஓரத்தில் ஒரு துளி நிற்கும், அவ்வளவுதான். ஓவியரும் அந்தத் துளியை மறக்காமல் வரைந்துவிடுவார்.

யோசித்துப் பார்த்தால் கதை எழுதியவர்கள் சொல்ல வந்தது நல்ல விஷயம்தான். எது போனாலும் எழுந்து நிற்கலாம் என்று சொன்னார்கள். நான் படித்த விதம்தான் கோணல். எழுந்து நிற்பவளைத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விழுந்தால்தானே எழுந்திருக்க முடியும்? எங்கள் வீட்டில் யாரும் விழவே இல்லை.

என் அப்பா ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஒரு தலைவலி என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கருவாடு கழுவுவார். எந்தக் கதையிலாவது நாயகியின் அப்பா கருவாடு கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? நான் கண்ணாடி முன்னால் நின்று, ஓவியத்தில் இருப்பது போல சோகமாகச் சிரித்துப் பழகுவேன். அப்பா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, பல்லு வலியா? கிராம்பு வெச்சிக்கோ” என்பார்.

ஆம்லெட் கைமாறியது

அப்படி இருக்கும்போதுதான் பிலோமினா வேலைக்கு வந்தாள். பாரிவாக்கத்துப் பெண். பத்தாவது முடித்தவள். அவள் அப்பா சைக்கிளில் போகும்போது திருமழிசைக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றையிலிருந்து அம்மா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் தம்பிகள் இரண்டு பேர். ஒரே நீலப் புடவை. இடுப்புக்குப் பக்கத்தில் கிழிசலைத் தைத்திருந்தாள்.

இதையெல்லாம் கேட்டதும் எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பாவமாக இல்லை. நான் இத்தனை நாளாக நின்றுகொண்டிருந்த வரிசையில் ஒருத்தி நேராக முன்னால் போய் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

கஸ்தூரி அக்கா வீட்டிலிருந்து தினம் ஒரு ஆம்லெட் கொண்டுவருவார். பாதி அவருக்கு, பாதி எனக்கு. “படிக்கிற தொண்டைக்கு எண்ணெ வேணும்டி” என்று சொல்லி வைப்பார். பிலோமினா வந்த மூன்றாம் நாள் அந்தப் பாதி அவள் தட்டுக்குப் போனது. “அப்பன் இல்லாத பொண்ணு, நல்லா துன்னு.” நான் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அந்த ஆம்லெட் போன வழியைப் பார்த்தேன். அதில் இருந்த மிளகுகூட இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அடுத்து வியாழக்கிழமையும் போனது. சேகர் பத்திரிகையை அவளிடம் கொடுக்க ஆரம்பித்தார். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மத்தியானம் என்னிடம் நீட்டுவாள். “நீயே படி. எங்கப்பாதான் எனக்குப் படிச்சிக் காட்டுவாரு. காதால கேட்டே பழகிட்டேன்.” இதற்கு நான் உருகியிருக்க வேண்டும். எனக்கோ, படித்துக் காட்டுகிற அப்பா வேறு அவளுக்கு இருந்திருக்கிறாரே என்று இன்னொரு எரிச்சல் சேர்ந்துகொண்டது.

அந்த ஏழு நாள்

அந்தச் சமயத்தில்தான் புதுத் தொடர்கதை ஒன்று ஆரம்பித்தது. நாயகி வசுமதி. வழக்கம்போல மூன்றாவது வாரம் அப்பா மாரடைப்பில் போனார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே எட்டு ஜோடிக் கண்களும் பிலோமினா பக்கம் திரும்பின. “நம்ம வசுமதி இவதான்டி” என்றார் கஸ்தூரி அக்கா. அன்றிலிருந்து அதுவே அவள் பெயர் ஆனது. சேகரும் அப்படியே கூப்பிட்டார். கதை படிக்காத சேகர்!

நாலாவது வாரம் வசுமதி புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் ரயிலில் பிலோமினா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் கேட்டாள்.

“போன வாரம் அப்பா செத்தாரு. இந்த வாரம் வேலைக்குப் போறா. நடுவுல ஏழு நாளு இன்னா பண்ணா அவ?”

“இன்னா பண்ணியிருப்பா? அழுதிருப்பா.”

“ஏழு நாளுமா அழுவாங்க?” என்றாள். “எங்கப்பா போன அன்னிக்குக் காலைல அவரு சட்ட ரெண்டத் தொவச்சிக் கொடியில போட்டிருந்தேன். அத்த யாரு எடுக்கிறதுன்னு யாருக்கும் தெர்ல. நான் எடுத்தா மடிச்சி வெக்கணும். மடிச்சி எங்க வெக்கிறது? காஞ்சிது, மழைல நனைஞ்சிது, மறுபடியும் காஞ்சிது. ஏழு நாளும் அங்கயே கெடந்துது. இதெல்லாம் ஏன் எழுத மாட்றாங்க?”

நல்ல வார்த்தை. வழக்கமாக உடனே எழுதி வைத்துக்கொள்வேன். அன்று சீசன் டிக்கெட் கவரைத் தொடவில்லை. அவளுக்கு எல்லாம் இருந்தது, வார்த்தையுமா இருக்க வேண்டும்?

நான் படித்த கடைசி அத்தியாயம்

கதை ஓடி ஓடி கடைசி வாரம் வந்தது. வசுமதியை ஒருவன் விரும்புகிறான், அவள் பதில் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் முந்தைய வாரம் ‘தொடரும்’ போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியிலும் அதே இடம்தான். சேகர் பிலோமினாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டுவிட்டார் என்றும், அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள் என்றும் கஸ்தூரி அக்கா வழியாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் பக்கத்தைப் பிரித்தேன். அச்சில் இருந்தது இதுதான்: மழையில் ரயில் நிலையத்தில் வசுமதி சரி என்கிறாள், அம்மா எழுந்து உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்கிறாள், முற்றும்.

முதல் பத்தியை உள்ளபடியே படித்தேன். அதற்குப் பிறகு கண் தாளில் இருந்தது, வாய் தானாகப் போனது. “‘என் தம்பிகள் தலையெடுக்கும்வரை எனக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை’ என்றாள் வசுமதி. அவன் நீட்டிய குடையை வாங்காமல் மழைக்குள் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றும்.”

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் சேர்ந்து கைகொடுத்திருக்க வேண்டும். கஸ்தூரி அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினார். “பொண்ணுன்னா இவ பொண்ணு” என்றார். எல்லாரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள், பிறகு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

இரண்டு நாள் கழித்து சேகரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், மறைக்கப்போவதில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது போல ஒரு சந்தோஷம். அது ஆவடி வரைகூட நிற்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அரைப் பக்கத்தில் கெடுத்துவிட்டோம் என்ற பயம் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பா செய்த உபகாரம்

பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்து, வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மீதியை பைண்டரிடம் கொடுத்தாயிற்று. தைத்து முடித்ததும் வாங்கி வருவதாக பிலோமினா சொல்லியிருந்தாள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் அவள் தினமும் பாரிவாக்கத்துக்கு பஸ் பிடிப்பாள்.

அவள் புத்தகத்தோடு வருவதற்கு முதல் நாள் ராத்திரி, சாப்பிடும்போது அப்பா சொன்னார். “எலி பூந்துட்சின்னு பொட்டியத் தூக்கினேன்மா. உன் கத பேப்பரு நாலு அங்க கெடந்துது. கடைசி பாகம் இல்லாம தெச்சிட்டான்னா அத்தினி பேரும் உன்னத்தான திட்டுவாங்க? காலைலயே சைக்கிள்ள போயி பைண்டர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். நல்ல நேரம், அவன் இன்னும் ஊசி கோக்கல.”

எந்த நாயகியின் அப்பாவும் மூன்றாவது வாரத்தைத் தாண்டி உயிரோடு இருந்து இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. என் அப்பா செய்தார். செய்துவிட்டு, “ரெண்டு மீன் வெச்சிக்கோ” என்றார்.

மறுபடியும் ஷெட்டில்

ஆகவே, அந்த மத்தியானம் பிலோமினா கேட்டதற்கு என்னிடம் பொய் எதுவும் மிச்சமில்லை.

“நானாதான் சொன்னேன்” என்றேன்.

“ஏன்?”

நான் ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தேன். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“அடிப்பாவி” என்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “நீ படிச்சதக் கேட்டுதான் அவர வேணாம்னு சொன்னேன்னு நெனச்சிகினு கீறியா?”

“பின்ன?”

“அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘உன் கஷ்டத்தப் பாத்துதான் எனக்கு உன்னப் புடிச்சிது, வசுமதி’ன்னாரு. வசுமதியாம்! எங்கப்பா செத்ததாலதான் என்னப் புடிச்சிதுன்னா, எங்கப்பா உயிரோட இருந்திருந்தா என்னத் திரும்பியே பாத்திருக்க மாட்டாரு இல்ல? அந்த மாதிரி ஆளுகூட எப்டி ஜெயா குடும்பம் பண்றது? நான் சிரிச்சா அவருக்கு ஏமாத்தமா இருக்கும்.”

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கிய இடத்தில் பழைய பொறாமை எந்தக் குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நான் செய்த பாவம்கூட எடுபடவில்லை. அவள் என் கதைக்கு அடங்கவில்லை, அச்சில் இருந்த கதைக்கும் அடங்கவில்லை. நான் எட்டு வருஷமாகப் படித்தும் கண்டுபிடிக்காததை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் கண்டுபிடித்திருந்தாள்.

அதற்குள் மற்றவர்கள் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டார்கள். கஸ்தூரி அக்கா அட்டைப்பெட்டியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“புக்கு வந்துட்சா? ஜெயா, அந்தக் கடைசி அத்தியாயத்த இன்னொரு தபா படிடி. அந்தக் கொடைய வாங்காம போறா பாரு, அந்த எடம். எனக்கு அழுவணும் போல கீது.”

நான் வாயைத் திறந்தேன். இருமி வைத்தேன். உள்ளபடி படித்தால் மாட்டிக்கொள்வேன். அன்று சொன்னது ஒரு வரிகூட நினைவில் இல்லை.

“அவளுக்குத் தொண்ட கட்டிகீது அக்கா” என்றாள் பிலோமினா. “நான் படிக்கிறேன்.”

புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். தம்பிகள் தலையெடுக்கும் வரை எனக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை என்ற வரியும், வாங்காத குடையும், திரும்பிப் பார்க்காத நடையும், ஒரு சொல் பிசகாமல் வந்தன. அச்சுக்கு மேலே கண்ணை ஓட்டியபடியே சொன்னாள். ஒரே ஒருமுறை கேட்டதுதான். கஸ்தூரி அக்கா முந்தானையை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவள் ‘முற்றும்’ என்று சொல்லவில்லை. பைண்டர் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைத் திருப்பினாள். ஒன்றுமே எழுதாத அந்தத் தாளின் மேல் விரலை வைத்து, “‘முதல் நாள்’” என்று படித்தாள். “‘அப்பாவுடைய சட்டைகள் இரண்டும் கொடியில் கிடந்தன...’”